சாராயப் போத்தலில் பெலிமல்

என் வீட்டுக்காரர் சாராயத்தை விட்டதும் எனக்கு வந்த முதல் சிக்கல், வீட்டில் போத்தல் இல்லாமல் போனதுதான். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கம் வந்து கொஞ்ச நாள் குடித்தனம் நடத்திப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். தேங்காயெண்ணெய் சாராயப் போத்தலில்தான் இருக்கும். கித்துல் மரத்துச் சாற்றைக் காய்ச்சின பாணி சாராயப் போத்தலில்தான் வரும். தேனும் மண்ணெண்ணெயும் வினாகிரியும் அதே போத்தலில்தான். குடிக்கிற வீட்டுக்கும் குடிக்காத வீட்டுக்கும் வித்தியாசம் உள்ளே இருக்கிற சரக்கில்தானே தவிர, போத்தலில் இல்லை.

நாங்கள் இருப்பது அலுவிகாரையில், பெரிய ரோட்டை ஒட்டினாற்போல. வீட்டின் முன் அறையில் பகல் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்கிறேன். அவர் த்ரீவீல் ஓட்டுகிறார். காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாத்தளை டவுனில் இருக்கும் ஸ்கூலுக்குப் போவார், பகலில் திரும்பக் கூட்டி வருவார். இடையில் கிடைக்கிற வாடகை ஓட்டம், நாங்கள் ஹயர் என்போம். சனி ஞாயிறில் சீகிரியா பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் யாராவது கிடைத்தால் அன்றைக்கு இரட்டைச் சிரிப்போடு வீட்டுக்கு வருவார்.

குடித்த காலத்திலும் அவர் சண்டை போட்டதில்லை, கை நீட்டியதில்லை. அதனாலேயே எனக்கு ஊரில் அனுதாபம் கூடக் கிடைக்கவில்லை. அவர் குடித்த விதமே வேறு. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் பாதி சாராயம், பாதி தண்ணீர் கலந்து, பின் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார். வண்டி வெயிலில் நிற்கும். போத்தலும் வெயிலில் வேகும். மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு வாயாக உள்ளே போகும். என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, "தண்ணி குடிக்கிறேன்" என்பார். தண்ணீர் குடிக்கிற முகமா அது என்று எனக்குத் தெரியாதா?

ஸ்கூல் பிள்ளைகளின் அம்மாமாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருத்தி, "மச்சான் பைக் எடுத்திருக்காரு, அவரே கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு" என்றாள். இன்னொருத்தி, "கொஞ்ச நாளைக்கு பஸ்ல போகட்டும்" என்றாள். அப்படி ஒவ்வொன்றாகக் கழன்று, ஒரு வருஷப் பிறப்புக்குப் பிறகு காலையில் வண்டியில் ஏற்ற ஒரு பிள்ளையும் இல்லை. அதற்குப் பிறகு குடி இன்னும் கூடியது. கடைசியில் வயிறு அவரைப் படுக்கப் போட்டது. வாந்தி, வயிற்றெரிச்சல், கண்ணில் மஞ்சள். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர் நேரே வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் இருந்த போத்தலை எடுத்து வாழை மரத்தடியில் கவிழ்த்தார். நான் நம்பவில்லை. அந்த வாழை மரத்துக்குத்தான் இனி ஈரல் கெடும் என்று கிண்டல் செய்தேன். ஆனால் அவர் பிறகு தொடவே இல்லை.

பிள்ளைகள் திரும்பி வந்ததுதான் பெரிய விஷயம். முதலில் ரோட்டு வளைவில் இருக்கிற வீட்டுப் பெண் தன் மகளை அனுப்பினாள். புருஷன் கட்டாரில் வேலை செய்கிறான், இவள் தனியாகச் சமாளிக்கிறாள், வேறு வழியில்லாமல் அனுப்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் அனுப்புகிறாள் என்று கண்டு மற்றவர்களும் அனுப்பினார்கள். அவருக்கு ஆஸ்பத்திரி மாத்திரையைவிட அந்த ஸ்கூல் ஹயர்தான் மருந்து. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்: "காலையில புள்ளைங்க என் கழுத்துக்குப் பின்னாடியே உக்காந்து பேசிக்கிட்டு வரும். அதுங்களுக்கு என் மூச்சு நாறக்கூடாதுல்ல. அத நினைச்சா சாயங்காலம் கை அந்தப் பக்கம் போகாது. அந்த ஹயர் இல்லாமப் போச்சுன்னா என்னால முடியாது புள்ள."

அதனால் எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி அந்த ஸ்கூல் ஹயர்தான்.

பிளாஸ்டிக் கதை கிளினிக்கில் ஆரம்பித்தது. மாதா மாதம் காட்டப் போவோம். அன்றைக்கு இருந்தது ஒரு பொம்பளை டொக்டர், நம்ம ஆள், என் தங்கச்சி வயதுதான் இருக்கும். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், பேச்சோடு பேச்சாக, முன்பு எதில் ஊற்றிக் குடித்தீர்கள் என்று கேட்டார். இவர் உள்ளதைச் சொன்னார்.

"வெயில்லயா வச்சிருப்பீங்க?" என்றார் டொக்டர்.

"வண்டி வெயில்லதானே நிக்கும் டொக்டர்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நாம் எல்லோருமே கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும்தான் இருக்கிறோமாம். சூடு பட்டால் பிளாஸ்டிக் கூடுதலாக உதிருமாம். குடல் நன்றாக இருந்தால் அதில் பெரும்பகுதி கக்கூசுக்குப் போய்விடும். "குடலுக்கு உள்பக்கமா ஒரு சுவர் இருக்கு. எத உடம்புக்குள்ள விடணும், எத விடக்கூடாதுன்னு அதுதான் பாத்துக்குது. சாராயம் அந்தச் சுவரப் புண்ணாக்கி இளக வச்சிருது. உள்ள இருக்கிற நல்ல கிருமிகளையும் கெடுத்துருது. அப்ப போகக்கூடாததெல்லாம் ரத்தத்துக்குப் போறதுக்கு வழி கிடைக்கும். ரத்தத்துல போனா ஈரலுக்கும் போகும். ஈரல் ஏற்கனவே சாராயத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப எனக்குள்ள நிறைய இருக்குமா?" என்று கேட்டார் இவர்.

"அத யாரும் சரியா சொல்ல முடியாது. பிளாஸ்டிக் உள்ள போய் என்ன பண்ணுதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா சாராயம் குடலக் கெடுக்கும்கிறதுல சந்தேகம் இல்ல. அத நீங்க விட்டுட்டீங்க. இனி குடல ஆற விடுங்க."

உள்ளே போனதை வெளியே எடுக்க மருந்து உண்டா என்று நான் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். கீரை, பருப்பு, குரக்கன் என்கிற கேழ்வரகு, தயிர், பழஞ்சோறு என்று சாப்பிடச் சொன்னார். அதெல்லாம் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடாம். சூடான எதையும் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

திரும்பி வரும்போது இவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "கழுத்துல ஒரு மூடியத் திருகிட்டா நானே ஒரு போத்தல்தான் போல" என்றார். கொஞ்ச தூரம் போய், "கிருமிக்கெல்லாம் வேற இனி சோறு போடணும்" என்றார். பேச்சு சிரிப்பாக இருந்தாலும் ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

டொக்டர் சொன்னதில் பாதி சாராயம், பாதி பிளாஸ்டிக். சாராயப் பாதியை நாங்கள் முடித்துவிட்டோம் என்பது என் நினைப்பு. மிச்சப் பாதியை நான் கையில் எடுத்தேன். நான் ஒன்றைக் கையில் எடுத்தால் எப்படி என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

முதலில் என் கடை. அதுவரை சுடச்சுடச் சோற்றை லஞ்ச் சீட்டில் கொட்டி, மேலே கறியை வைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லஞ்ச் சீட் என்பது மெல்லிசான பொலித்தீன்தானே. எத்தனை பேருக்கு அதில் சோறு போட்டிருப்பேனோ. அடுத்த நாளே வாழை இலைக்கு மாறினேன். இலையை நெருப்பில் வாட்டி, மடித்து, பேப்பரில் கட்டினேன். ஆட்டுக்கல் மாதிரி அசையாத வாடிக்கைக்காரர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். பருப்பு ஒழுகுகிறது, சட்டையில் கறை படுகிறது என்றார்கள். ஸ்டாண்டில் நிற்கிற த்ரீவீல்காரர் ஒருத்தர், "அக்கா, இது பார்சலா படையலா?" என்று கேட்டார். அப்படியே வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்றேன். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு வாட்டின இலை வாசத்துக்கு ருசி கண்டுவிட்டார்கள். இப்போது நான் லஞ்ச் சீட்டில் கட்டிக் கொடுத்தால்தான் சண்டைக்கு வருவார்கள்.

வீட்டுக்குள் பழஞ்சோறு வந்தது. ராத்திரி மண்சட்டியில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தம்புள்ளைப் பக்கமிருந்து வருகிற சட்டித் தயிர். முன்பு யோகட் டப்பாவில் தயிர் வாங்கியதை நிறுத்திவிட்டேன். அவர் முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாம் நாள் கையை விட்டுப் பிசைந்தார். மூன்றாம் நாள் சட்டியை வழித்துவிட்டு, "கிருமிங்க இன்னும் கொஞ்சம் கேக்குது" என்றார்.

தண்ணீர்ப் போத்தலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிரிட்ஜில் இருந்த பிளாஸ்டிக் போத்தல்களையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டேன். எவர்சில்வர் போத்தல் வாங்கிக் கொடுத்தால் அவர் எங்காவது கடை வாசலில் மறந்து வைத்துவிட்டு வருவார். ஒன்று தொலைந்தது, அடுத்ததும் தொலைந்தது. கண்ணாடிப் போத்தல்தான் வழி என்று அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன். ஒன்றுகூட இல்லை. முன்பு அந்த மூலைகளில் கை வைத்தால் போத்தல்தான் கையில் தட்டும்.

பழைய போத்தல் வாங்கிக்கொண்டு போகிற முஸ்லிம் நானா ஒருத்தர் எங்கள் ரோட்டில் தள்ளுவண்டியோடு வருவார். அந்தக் காலத்தில் அவர் குரல் கேட்டால் நான் பக்கத்து வீடுகளில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உரச்சாக்கில் கட்டி வைத்த வெறும் போத்தல்களைக் கொல்லைப் பக்கமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாக்குக்குள் சத்தம் வராமல் துணி சுற்றி வைத்திருப்பேன். இப்போது அதே ஆளை நடுரோட்டில் நிறுத்தி, "நானா, எனக்கு போத்தல் வேணும்" என்றேன்.

"நான் வாங்குற ஆள், தங்கச்சி. விக்கிற ஆள் இல்ல."

"இன்னைக்கு வித்துப் பாருங்க."

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். குடல், சுவர், தூள் எல்லாவற்றையும் நடுரோட்டில் வைத்து விளக்கினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "நாங்க அத கையாலயும் தொட மாட்டோம். ஆனா எங்கட ஊட்டுலயும் தேன் அந்தப் போத்தல்லதான் ஈக்கு" என்று சொல்லி, விரிசல் இல்லாத நல்ல போத்தல்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். "ஒங்கட போத்தலே சுத்தி ஒங்கட்டயே வந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து, லேபலை ஊறவைத்து உரித்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தேன். ஒரு பொட்டு வாசம் இல்லை. அவ்வளவு சுத்தம்.

அடுத்த வீட்டுச் சிங்கள அக்கா காய்ந்த பெலிமல் கொண்டுவந்து கொடுத்தார். வில்வப் பூதான். வயிற்றுச் சூட்டுக்கு நல்லது, அவித்துக் குடிக்கச் சொல்லு என்றார். ராத்திரி அவித்து, ஆற வைத்து, வடித்து, போத்தலில் ஊற்றி மூடினேன். காலையில் அவர் வண்டிக்குப் போகும்போது கையில் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு வாய் குடித்து, ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வார்.

இப்போது இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். பெலிமல் அவித்த தண்ணீரின் நிறம் பொன் நிறம். சாராயத்தின் நிறமும் அதுதான். குடியை விட்டு இன்னும் வருஷம் திரும்பாத மனுஷன் கையில், ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியில், சாராயப் போத்தல் நிறையப் பொன் நிறத் தண்ணீரை நானே ஊற்றிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் போத்தலுக்கு வேறு அர்த்தம் வந்து வெகுநாளாகியிருந்தது. ஊருக்கு அப்படி இல்லை என்பதை மறந்துபோனோம்.

சித்திரை லீவு முடிந்து ஸ்கூல் திறந்த நேரம். வெயில் தாரை உருக்கியது. ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், ஒரு பிள்ளை மட்டும் வரவில்லை. இவர் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். பிள்ளைகளின் தண்ணீரெல்லாம் முடிந்துபோயிருந்தது. தாகம் தாகம் என்று ஒரே சத்தம். இவர் பெலிமல் போத்தலை எடுத்து, அவர்கள் போத்தல் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார். ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். பிறகு அண்ணாந்து மிச்சத்தைத் தன் வாயில் ஊற்றினார். எதிர்ப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா அதைப் போனில் படம் பிடித்து, அம்மாமார் குரூப்பில் போட்டுவிட்டாள்.

இவர் வளைவு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் படம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் ரோட்டிலேயே நின்றிருந்தாள். வண்டி நின்றதும் மகளை இழுத்து இறக்கினாள். அங்கேயே குனிந்து, இவர் கண் முன்னாலேயே, பிள்ளையின் வாயை மோந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் கேட்டைச் சாத்தினாள். அடுத்தடுத்த வீடுகளிலும் அம்மாமார் வாசலில் நின்றார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து போத்தலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. போத்தலைப் பார்க்கிறேன், சிரிக்கிறேன், திரும்பப் பார்க்கிறேன், சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் என் வாய் மூடியது. உடனே கோபம் வந்தது.

"புள்ள வாயவா மோந்து பாத்தா? அவ்வளவு கேவலமா போயிட்டமா நாம? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"எப்படிக் கேப்பா? குடிச்ச காலத்துலயும் நான் தண்ணின்னுதான் சொன்னேன்" என்றார் அவர். "நான் அவ இடத்துல இருந்தா புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடியிருப்பேன்."

அதற்குள் போன் வர ஆரம்பித்தது. நாளைக்கு நாங்களே கூட்டிட்டுப் போறோம் அண்ணே என்று ஒருத்தி. மாமா வந்திருக்காரு என்று இன்னொருத்தி. அதே பழைய பேச்சு, அதே மரியாதை. அவர் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து போவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போனால் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அவருக்குள் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்ற கவலை அந்த நேரத்தில் எனக்குத் துளியும் இல்லை. அந்த மனுஷன் அந்த நாற்காலியிலேயே இருந்தால் போதும் என்றிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் நான் எழுந்தேன். பானையில் மிச்சமிருந்த பெலிமலை அதே போத்தலில் ஊற்றினேன். சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்றேன்.

"எங்க?"

"வளைவு வீட்டுக்கு."

"சண்டை போடப் போறியா?"

"அது அங்க போய் முடிவு பண்ணுவேன்."

அவர் மறுக்காமல் எழுந்து பின்னால் வந்தார். ஊரெல்லாம் பார்க்க நான் சாராயப் போத்தலைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, அவர் நாலடி தள்ளி வந்தார். எங்களுக்குக் கல்யாணமான காலத்திலிருந்து நாங்கள் ஊரில் இத்தனை பேர் திரும்பிப் பார்க்க நடந்ததில்லை.

அந்தப் பெண் கதவைத் திறந்ததும் போத்தலை நீட்டினேன். "மோந்து பாருங்க. மோந்து பாத்தா போதாது, குடிச்சுப் பாருங்க. போத்தல் குடுத்தது நான். பெலிமல் அவிச்சது நான். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

அவள் மோந்தாள். உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "பெலிமல்தான்" என்றாள். "மக வாயில சாராய வாசம் வரல, கருப்பட்டி வாசம்தான் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும் அக்கா."

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சும் எதுக்கு கேட்டச் சாத்துனீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "இன்னைக்கு பெலிமல் அண்ணே. நாளைக்கு என்னான்னு எனக்குத் தெரியாதே. எங்க அப்பாவும் விட்டாரு. விட்டுட்டேன்னு சாமி முன்னாடி சூடம் அடிச்சாரு. திரும்பவும் குடிச்சாரு. திரும்பவும் விட்டாரு. குடிச்சுத்தான் செத்தாரு. நான் புள்ளய ஒங்க வண்டியில ஏத்துற ஒவ்வொரு நாளும் ஒங்க மூஞ்சிய பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தப் போத்தல் இல்லாட்டியும் பயம் போகாது."

நான் கொண்டு போன சண்டை முழுக்க அங்கேயே கரைந்துவிட்டது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் அத்தனை வருஷம் பயந்ததைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னைத் தாண்டி முன்னால் வந்தார். "பயம் போக வேணாம் தங்கச்சி" என்றார். "நாளைக்கு காலையில வழக்கம்போல வர்றேன். வண்டிய விட்டு இறங்கி கேட்டுக்கு வந்து ஒங்க முன்னால நின்னு பேசுறேன். வாசம் வந்தா அனுப்பாதீங்க. வரலன்னா அனுப்புங்க. தினமும் பாருங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவள் சரி என்றாள்.

அடுத்த நாள் காலையில் அவர் அப்படியே செய்தார். வண்டியை நிறுத்தி, இறங்கி, கேட்டுக்குப் போய், மூச்சுப் படுகிற தூரத்தில் நின்று, "தங்கச்சி, புள்ள ரெடியா?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், மகளை அனுப்பினாள். அவள் அனுப்பியதைக் கண்டு, அந்த வாரத்திலேயே மற்ற அம்மாமாரும் அனுப்பினார்கள். குரூப்பில் படம் போட்டவள் மட்டும் வெட்கத்தில் கொஞ்ச நாள் பிந்தினாள். பிந்தி வந்தவளுக்கு நான் ஒரு கட்டு பெலிமல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

போத்தலுக்கு ஒரு உறை தைத்துக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "மூடி வச்சுக் குடிச்சதெல்லாம் போதும்." வெறும் போத்தலை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார். ஸ்டாண்டில் இருக்கிறவர்களின் கேலிக்கு அளவில்லை. பொலிஸ்காரர் ஒருத்தர் ஒரு தரம் வண்டியை மறித்து, மோந்து பார்த்து, சிரித்துக்கொண்டே தானும் ஒரு வாய் குடித்துவிட்டு அனுப்பினாராம். நானும் சும்மா இருக்கவில்லை. "குடிச்சிருக்கீங்களான்னு பாக்க பொலிஸ் பலூனக் குடுத்தாக்கூட நீங்க இவ்வளவு அழகா ஊத மாட்டீங்க, தினமும் போய் அந்தப் பொண்ணுகிட்ட ஊதிக் காட்டிட்டு வர்றீங்க" என்பேன். அவர் கோபப்பட மாட்டார். பழஞ்சோற்றைக் குடித்து, பல்லை விளக்கி, திரும்பவும் ஒரு தரம் விளக்கி, தலையை வாரிக்கொண்டு புறப்படுவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் இத்தனை தரம் பல் விளக்கியிருக்க மாட்டார்.

கிளினிக்கில் ரிப்போர்ட் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை எந்த ரிப்போர்ட்டும் காட்டுவதில்லை. அது இருக்கிறதா, போய்விட்டதா என்று டொக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாததோடு குடித்தனம் நடத்த எனக்கு முன்பே பழக்கம் உண்டு. வயிறு எரியவில்லை, சாப்பாடு செரிக்கிறது, கண்ணில் மஞ்சள் இல்லை. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் அந்தக் கேட்டில் நின்று பேசுவது நிற்கவில்லை. மழைக்காலம் வந்தது, குடையோடு நின்று பேசினார். காய்ச்சல் வந்த நாளில் வாயைப் பொத்திக்கொண்டு போகாமல், ஸ்டாண்டில் தெரிந்த ஒருத்தரை அனுப்பி வைத்தார். அந்தப் பெண்ணும் விடவில்லை. ஒவ்வொரு காலையும் வெளியே வந்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் பிள்ளையின் கையை விட்டாள். நான் அவருக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டிருக்கிறேன். "எனக்காக யாராவது தினமும் கேட்டுல நிக்கிறாங்கன்னா நல்லதுதானே" என்பார்.

போன ஸ்கூல் தவணை முடிகிற சமயம். நான் அடுப்படியில் பார்சலுக்கு இலை வாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கூல் ஓட்டம் முடிந்து வந்தவர் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே உள்ளே வந்து, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு அந்தப் பொண்ணு வெளிய வரல" என்றார்.

"ஏன், மேலுக்கு சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. உள்ள இருந்துக்கிட்டே சத்தம் போட்டா. தோச கல்லுல இருக்கு, புள்ளய ஏத்திக்கிட்டுப் போங்க அண்ணேன்னு. புள்ள மட்டும் பேக்கத் தூக்கிக்கிட்டு வந்துச்சு."

என் கையிலிருந்த இலை கருகிக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னாலேயே நின்று அழுதேன்.

"நான் கொஞ்ச நேரம் கேட்டுலயே நின்னு பாத்தேன்" என்றார் அவர். "வரவே இல்ல புள்ள."